கலைமகள் வரும் வழி

வழிப்பயணம் கண்ணுக்கு விருந்தாவது போலவே கருத்துக்கும் விருந்தாதல் வேண்டும். கவிஞரும் கலைஞரும் வாழ்ந்த இடங்களைக் காண்பதற்கென்றே கூட்டமாகச் சேர்ந்து, விவரம் அறிந்த ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, கடல் கடந்து செல்வோர் இந்நாளில் பலர். கியூபா நாட்டுக்கு அவ்வாறு செல்வோர், கவிஞர் ஹோசே மார்த்தி 1853 ஆம் ஆண்டில் பிறந்த சிறிய வீட்டை ஹவானா நகரில் காண்கின்றனர். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே நெடுங்காலம் வாழ்ந்த இல்லத்தையும் நகர்ப்புறத்தே கண்டு மீள்கின்றனர். எழுத்தாளர் வாழ்ந்த வீட்டை ஒரு நாடு திருத்தலமாகப் போற்றுவது பாராட்டத் தக்கதே. ஆயின், அத்துணைத் தொலைவு செல்ல வசதியில்லாத நம் போன்ற குடும்பத்தினர்க்கு, வாசலை ஒட்டியே அத்தகைய வழி ஒன்று கிடக்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

வேலையின் பொருட்டு நெல்லை, மதுரை, தஞ்சை, சேலம் எனப் பல ஊர்களிலிருந்தும் திருவனந்தபுரத்துக்கு வந்து காலனி வீடுகளில் குடியமர்ந்தவர் நாம். சொந்த ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் பேருந்தின் சன்னல் வழியே கண்டிருக்கிறோம், கண்டும் கண்ணயர்ந்திருக்கிறோம். சென்ற ஆண்டு, நவராத்திரிக்குச் சில நாட்களின் முன், நம் சங்கத்தின் சார்பில் குடும்பத்தோடு ஒருநாள் இலக்கியச் சுற்றுலா செல்வதென முடிவாயிற்று. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வழிகாட்டியாக வர இசைந்தார். நமக்கு அவர் புலவர் ஐயா, குழந்தைகளுக்குத் தாத்தா. "எங்கிருந்து தொடங்கலாம், ஐயா?" என்று வினவினோம். "கலைமகள் எங்கிருந்து புறப்படுகின்றாளோ, அங்கிருந்தே தொடங்கலாம்" என்றார் அவர். ஆகவே விடியுமுன் புறப்பட்டுப் பத்மநாபபுரம் சேர்ந்து, அங்கிருந்து வடக்கு நோக்கித் திரும்பினோம்.

பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் பழைய தலைநகரம். அரண்மனையை அடுத்த கோயிலில் உள்ள கலைமகள் திருவுருவம் கம்பர் வழிபட்டது என்பது மரபு. கம்பர் தம் இறுதிக் காலத்தில் அதனைச் சேர மன்னரிடம் ஒப்படைத்தார் என்றும், ஆண்டுதோறும் நவராத்திரி வழிபாடு தடையின்றி நடைபெற வேண்டும் என்று வாக்குறுதி பெற்றார் என்றும் கூறுவர். செவிவழிச் செய்திதான். எனினும், அவ்வாக்குறுதியை மக்கள் மெய்யாகவே காத்து வருகின்றனர் என்பது கண்கூடு. தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னர், வழிபாட்டைக் கைவிட மனமின்றி, அரசர் அத்திருவுருவத்தையே அங்கு எழுந்தருளச் செய்தனர்.

இன்றும் ஆண்டுதோறும் அவ்வூர்வலம் நடைபெறுகின்றது. அரண்மனையில் உடைவாள் கைமாற்றும் சடங்கு நிகழ்ந்த பின் கலைமகள் புறப்படுகின்றாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் செல்கின்றனர். முதல் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் எல்லை கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை சேர்ந்து இரண்டாம் இரவுத் தங்கல். மூன்றாம் நாள் திருவனந்தபுரம். ஒன்பது நாளும் நவராத்திரி மண்டபத்தில் இசை முழங்கும். விழா முடிந்தபின் வந்த வழியே திரும்பிச் செல்வாள் தேவி. இருபுறக் காவலரும் மரியாதை செய்து வழியனுப்புவர். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டு மண்ணில். அதனைப் பேணுவது கேரள அரசு. கல்வித் தெய்வத்தின் பொருட்டு இரண்டு அரசுகள் ஒரு சாலையில் கைகோத்து நிற்கும் காட்சி ஈண்டு ஆண்டுதோறும் காணக் கிடைப்பது.

குழித்துறையிலிருந்து சற்றே விலகி, முன்சிறையை அடுத்த பார்த்திபசேகரபுரத்துக்கு நம்மை அழைத்துச் சென்றார் புலவர் ஐயா. ஆய் மன்னன் கருநந்தடக்கன், முன்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்று நிலம் கொடுத்துப் பெற்று, அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்து, 95 மாணாக்கர் உண்டு உறைந்து கற்பதற்கு ஒரு சாலையும் நிறுவினான். இது நிகழ்ந்தது கி.பி. 9 ஆம் நூற்றாண்டில். இச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் திருவனந்தபுரத்து ஹஜூர் கச்சேரியில் இருந்தமையால் அப்பெயராலேயே அறியப்படுகின்றன; கோபிநாத ராவ் அவற்றைப் பதிப்பித்தார். காந்தளூர்ச் சாலையின் நெறிப்படியே இச்சாலை நடைபெற வேண்டும் என்று அவை விதிக்கின்றன. "மன்னன் நிலத்தைப் பறிக்கவில்லை, மாற்றிப் பெற்றான். படைக்கு அன்று, படிப்புக்கு" என்றார் ஐயா. மாணாக்கர்க்குச் சோறு அளந்த அந்த இடத்தில், நம் வீட்டுப் பிள்ளைகள் கட்டுச்சோறு உண்டனர்.

ஆய் குடியினர் புறநானூற்றிலேயே புகழ் பெற்றோர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஆய் அண்டிரனை முடமோசியார் பாடியுள்ளார். பிற்காலத்தில் அக்குடியினர்க்குத் துறைமுகமாய் விளங்கிய விழிஞம், இன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்துக் கடற்கரையில் உள்ளது. அதனைப் பாண்டியர் வென்றதைச் செப்பேடும், சோழர் வென்றதைக் கலிங்கத்துப் பரணியும் பேசும். அதே விழிஞத்தில் 2025 ஆம் ஆண்டில் புதிய பெருந்துறைமுகம் திறக்கப்பெற்றது. படை கொண்டு வந்தோர் போயினர். கலம் கொண்டு வருவோர் வந்துகொண்டே இருக்கின்றனர்.

மீண்டும் நெடுஞ்சாலைக்கு வந்து களியக்காவிளையை அடைந்தோம். எல்லை என்று சொல்லக் கேட்டுக் குழந்தைகள் எழுந்து நின்று பார்த்தனர். ஆறும் இல்லை; மலையும் இல்லை; கடைகளும் வாகனங்களுமே இருந்தன. இந்தக் கோடு எப்போது விழுந்தது? திருவிதாங்கூர்த் தமிழர், தாம் மிகுதியாக வாழ்ந்த வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் எனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் என்னும் அமைப்பின்கீழ்ப் போராடினர். மார்ஷல் நேசமணி அப்போராட்டத்தின் தலைவர். 1954 ஆகஸ்டு 11 ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் துப்பாக்கிச்சூட்டில் தமிழர் பலர் உயிர் நீத்தனர். அடுத்த ஆண்டு மாநிலச் சீரமைப்புக் குழு தன் அறிக்கையை அளித்தது. 1956 நவம்பர் 1 ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. போராடியோர் கேட்ட வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. எல்லை வட்டத்தின் ஓரமாக விழுந்தது. மொழியோ அவ்வாறு ஓரம் பார்த்து நிற்பதில்லை. அப்பாலும் மலையாளம் பேசுவோர் உண்டு. இப்பாலும் தமிழ் பேசுவோர் உண்டு.

இங்கேதான் நம் உள்ளத்தைத் தைத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. காலையில் தெற்கே போகும்போது, நம்முடன் வந்த நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பாறசாலைக் கடைகளின் மலையாளப் பலகைகளையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வந்தான். அவன் வேகத்தைக் கண்டு யாவரும் மகிழ்ந்தோம். எல்லை கடந்ததும் தமிழ்ப் பலகைகள் வந்தன. அவன் வாய் மூடிக்கொண்டது. "ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றதற்கு, "இது எனக்குத் தெரியாத எழுத்து" என்றான். தமிழ் பேசும் தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த பிள்ளை அவன். தாய் தலைகுனிந்தார். அவர் மட்டுமா? பேருந்தில் இருந்த பெற்றோருள் தலைநிமிர்ந்தவர் சிலரே.

பாறசாலையில் தேநீருக்காக நின்றபோது ஓட்டுநரிடம் அதே சிறுவன், "நீங்கள் தமிழரா, மலையாளியா?" என்று கேட்டான். அவர் அவ்வூர்க்காரர். "வீட்டில் அம்மையிடம் தமிழ், பள்ளியில் படித்தது மலையாளம், மரச்சீனிக்கு இரண்டிலும் அதே பெயர்தான், மோனே" என்று சிரித்தார். தஞ்சைக் குடும்பத்தினர் மரவள்ளிக் கிழங்கைத்தான் அவர் குறிக்கிறார் என்று அறியச் சிறிது நேரம் ஆயிற்று. ஏட்டில் நாம் தேடிய ஒற்றுமை அவர் நாவிலே இருந்தது. இரண்டையும் இழக்காமல் வைத்திருக்கும் அவர் நமக்கும் ஓர் ஆசிரியரே.

நெய்யாற்றின்கரை என்னும் பெயருக்குத் தமிழர்க்கு உரை வேண்டா. அகத்தியர் மலையில் தோன்றும் நெய்யாற்றின் கரையில் அமைந்த ஊர் அது. தமிழுக்கு இலக்கணம் தந்ததாக மரபு போற்றும் முனிவரின் மலைநீர் ஓடும் ஊரிலேதான் கலைமகளும் ஓரிரவு தங்குகின்றாள். அவள் தங்கும் கிருஷ்ணசுவாமி கோயிலின் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்னும் பழைய பலாமரத்தின் அடிமரம் காக்கப்பெறுகின்றது. பிற்காலத்தில் வேணாட்டை விரித்துத் திருவிதாங்கூராக்கிய மார்த்தாண்ட வர்மர், பகைவர்க்கு அஞ்சி அலைந்த இளமையில் அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பர்.

இவ்வட்டத்திலே நெய்யாற்றங்கரையில் உள்ளது அருவிப்புரம். 1888 ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாக நாட்டினார் ஸ்ரீ நாராயண குரு. கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்ட மக்கள், தாமே நாட்டிய தெய்வத்தைத் தொழுதனர். அப்பெரியார் தமிழிலும் தேவாரப் பதிகங்கள் பாடியவர். திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் பெயர்த்தவர். தைக்காட்டு அய்யாவு சுவாமி என்னும் தமிழரிடம் யோகம் பயின்றவர். தமிழ் கற்றதனால் அவர் மலையாளத்துக்கு அயலாகிவிடவில்லை. அவர் கையில் இரண்டும் சிறந்தன.

இவ்வூர் ஈன்ற மற்றொருவர் சுதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளை. 1878 ஆம் ஆண்டில் பிறந்து, 'சுதேசாபிமானி' இதழின் ஆசிரியராகி, அரசின் குறைகளை அஞ்சாது எழுதினார். 1910 செப்டம்பர் 26 ஆம் நாள் அச்சகம் பறிக்கப்பட்டது. அவரோ நாடு கடத்தப்பட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டு செல்லப்பட்டார். கலைமகளை வாளோடும் மரியாதையோடும் வடக்கே அழைத்து வரும் அரசு, கலைமகளின் பிள்ளை ஒருவரைக் காவலோடு தெற்கே அனுப்பியது. அக்காலத்தில் நம் பாரதியாரும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தார். முன்னே கூறிய கியூபாக் கவிஞர் மார்த்தியும் 1871 ஆம் ஆண்டில் பிறந்த மண்ணிலிருந்து கடத்தப்பட்டவரே. எழுத்துக்குக் கோயில் எடுப்போரும் எழுதியவனைத் துரத்தியதுண்டு என்னும் உண்மையையும் நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. இராமகிருஷ்ண பிள்ளை சோர்ந்துவிடவில்லை. 1912 ஆம் ஆண்டிலே கார்ல் மார்க்ஸின் வரலாற்றை மலையாளத்தில் எழுதினார்.

மாலையில் திருவனந்தபுரம் திரும்பினோம். இந்நகரில் வாழ்ந்த இருவர் 1891 ஆம் ஆண்டில் ஒவ்வொரு நூலை வெளியிட்டனர். ஒருவர் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, நூல் 'மனோன்மணீயம்'. மற்றவர் சி. வி. இராமன் பிள்ளை, நூல் 'மார்த்தாண்ட வர்மா' என்னும் மலையாளப் புதினம். ஒரே நகர், ஒரே ஆண்டு, இரு மொழிகள். நாம் பள்ளி தோறும் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்து, இந்நகரில் இருந்து கற்பித்த ஒருவரின் நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் அது தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பெற்றது. புலம்பெயர்ந்த ஊர் என்று நாம் எண்ணும் இடமே அப்பாடலின் பிறப்பிடம் அன்றோ?

வழி நெடுகிலும் நாம் கற்றதைச் சுருங்கச் சொல்லின், அது இதுவே: மண்ணைக் கோடு போட்டுப் பிரிக்கலாம், மொழியைத் தூக்கிச் செல்வோர் உள்ளவரை அது கோட்டைக் கடந்து செல்லும். தூக்கிச் செல்வோர் இல்லையாயின், கோடே இல்லாத வீட்டுக்குள்ளும் அது நின்றுவிடும். கலைமகளை எழுந்தருளச் செய்வோர் ஓர் ஆண்டு அழைத்துச் சென்றுவிட்டு, இனிப் போதும் என்று இருந்துவிடவில்லை. ஆண்டுதோறும் அழைத்துச் செல்கின்றனர், அதனாலேயே அவள் வருகின்றாள்.

சுற்றுலா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் சங்கக் கூடத்தில் தமிழ் எழுத்து வகுப்புத் தொடங்கியது. புலவர் ஐயாவே ஆசிரியர். முதல் நாள் வந்தோர் பதினொருவர்; தெரியாத எழுத்து என்று கூறிய சிறுவன் முதல் வரிசையில் அமர்ந்திருந்தான். மலையாளத்தை விட்டுவிடச் சொல்லி எவரும் அவனை வற்புறுத்தவில்லை; அவன் வாழும் நாட்டின் மொழி அது; அவன் நண்பர்களின் மொழி அது. கூட ஒன்று வேண்டும் என்பதே நம் விருப்பம். வரும் நவராத்திரிக்குக் கலைமகள் நம் காலனிக்கு அருகே உள்ள சாலை வழியே எழுந்தருளும்போது, தமிழ்ப் பலகை ஒன்று எழுதி வரவேற்க நம் பிள்ளைகள் திட்டமிட்டுள்ளனர். அதனை அவர்களே எழுத வேண்டும். அவர்களே படிக்க வேண்டும். அதற்கு வேண்டியது ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம். பெற்றோர் தம் பிள்ளைகளைத் தவறாது அனுப்புவார்களாக!

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை வாழவைக்கும் நாடு!