இருவழி வானொலியில் இரைச்சல்

இருவழி வானொலியில் பேசுபவரின் குரலோடு கலந்தோ அதை மூழ்கடித்தோ கேட்கும் வேண்டாத ஒலியே இரைச்சல். கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கி, காவல் துறையினர் ‘மைக்’ என்று சொல்லும் வண்டிக் கருவி, ஹாம் வானொலி நிலையம் என எதுவும் இதற்கு விலக்கல்ல. சேலம் மாவட்டம் மேச்சேரியைச் சுற்றியுள்ள சமவெளியில் இதன் பல வகைகளுக்கும் இடமுண்டு. மேற்கே சீதாமலைக்கும் பாலமலைக்கும் நடுவே 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் நீர்மின் நிலையங்களும் இருக்கின்றன. 210 மெகாவாட் அலகுகள் நான்கும் 600 மெகாவாட் அலகு ஒன்றும் கொண்ட அனல்மின் நிலையமும் அங்கேதான். பொட்டனேரியில் உருக்காலை, ஜலகண்டாபுரம் பக்கம் விசைத்தறிகள், மானாவாரிக் காடுகளின் மேலே உயரழுத்தக் கம்பிகள். மின்சாரம் இவ்வளவு நெருக்கமாக ஓடும் ஊரில் இரைச்சலுக்குக் காரணம் தேடுபவர் கண்ணில் முதலில் படும் கோபுரத்தையே குற்றம் சொல்வார். பெரும்பாலும் காரணம் அதைவிடப் பக்கத்தில், சொந்த வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

எல்லா இரைச்சலும் பழுதல்ல. எந்த மின்தடையிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைவதால் மெல்லிய ‘உஸ்’ ஒலி பிறக்கும் என்பதை ஜான்சனும் நைக்விஸ்ட்டும் 1928இல் விளக்கினர். அட்லாண்டிக் கடந்த வானொலித் தொலைபேசியில் புகுந்த இரைச்சலைத் தேடிய பெல் ஆய்வகப் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி, அதில் ஒரு பகுதி பால்வீதியிலிருந்தே வருவதாக 1933இல் அறிவித்தார். வானொலி வானியலுக்கு அதுவே தொடக்கம். மின்னலும் தீப்பொறியும் அலையின் வீச்சைத்தான் அதிகம் குலைக்கின்றன. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் உருவாக்கிய பண்பலை முறை வீச்சை விட்டு அதிர்வெண் மாற்றத்தில் குரலை ஏற்றுவதால், வாக்கி-டாக்கியில் இடி இரைச்சல் அவ்வளவாகக் கேட்பதில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் ஹாம் அலைவரிசையில் பேசுபவர்களுக்கோ சித்திரை, வைகாசிக் கோடை இடி மாலை முழுக்க ‘படார் படார்’ என்று விழும். அதற்கு மருந்து கிடையாது, ஆன்டெனா வயரைக் கழற்றி வைப்பதுதான் விவேகம்.

எந்தப் பக்கத்து இரைச்சல்?

பழுது தேடுவதில் முதல் கேள்வி இதுதான். இதைக் கேட்காமல் வடிகட்டியும் புது ஆன்டெனாவும் வாங்குவது வீண் செலவு. நமக்கு மட்டும் எல்லோருடைய குரலும் கரகரவென்று கேட்டால் இரைச்சல் வாங்கும் பக்கத்தில் இருக்கிறது. நம் குரல் மட்டும் எல்லோருக்கும் கரகரத்தால் அது அனுப்பும் பக்கத்தில் இருக்கிறது. ஒரே ஒரு நிலையத்தோடு மட்டும் தொல்லை என்றால் அது தூரமோ மலை மறைப்போ ஆக இருக்கலாம். மேச்சேரிக்குக் கிழக்கே சேர்வராயனும் மேற்கே பாலமலையும் நிற்பதால், அவற்றுக்கு அப்பால் உள்ளவரின் குரல் ‘உஸ்’ஸில் கரைவது இயல்பு. அங்கே ஆன்டெனாவை உயர்த்துவதுதான் வழி.

வாங்கும் பக்கத்து இரைச்சலில் காது கொடுத்துக் கேட்க வேண்டியது அதன் தாளத்தை. விட்டுவிடாமல் ஒலிக்கும் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் மின்கம்பியைச் சார்ந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஒரு பொறி வெடிப்பதால் இந்த இரட்டிப்பு. நொடிக்கு ஒருமுறை போல ‘டிக்’ என்றால், காட்டோரத் தோட்டங்களின் சோலார் மின்வேலியைச் சந்தேகிக்கலாம். அலைவரிசை நெடுகச் சம இடைவெளியில் மேடு மேடாகத் தெரிந்தால், மலிவான எல்இடி விளக்கோ செட்டாப் பாக்ஸ் அடாப்டரோ காரணம். இதை உறுதி செய்யும் சோதனை எளிது. கருவியைப் பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இரைச்சல் நின்றால் ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டுப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். நிற்காவிட்டால்தான் தெருவுக்கு இறங்க வேண்டும்.

மின்கம்பத்து இரைச்சலுக்கு ஒரு தெளிவான குணம் உண்டு. தளர்ந்த போல்ட், துருவேறிய கிளாம்ப், சரியாகப் பிடிக்காத பைண்டிங் கம்பி ஆகியவற்றின் சிறு இடைவெளியில் பொறி பாய்வதே பெரும்பாலும் காரணம். காய்ந்த வெயிலில் இது அதிகமாகும். மழை பெய்ததும் அந்த இடைவெளியை ஈரம் இணைத்துவிடுவதால் அடங்கும். மழையிலும் பனியிலும் கூடுகிற இரைச்சல் வேறு வகை. அது தூசி படிந்த இன்சுலேட்டரில் ஊரும் கசிவோ, உயரழுத்தக் கம்பியைச் சுற்றிக் காற்றில் நிகழும் கொரோனா மின்கசிவோ. ஆகவே மழைக்கு முன்னும் பின்னும் கேட்டுக் குறித்து வைப்பது எந்த மீட்டரையும்விடப் பயன்படும். பிறகு வீச்சுப் பண்பேற்றம் வாங்கும் சிறு ரேடியோவோடு நடந்து தேடலாம். தாழ்ந்த அதிர்வெண்ணில் இரைச்சல் கம்பி வழியே வெகுதூரம் ஓடி ஏமாற்றும்; 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போய், கையடக்க யாகி ஆன்டெனாவால் திசை பார்த்தால்தான் அந்த ஒரு கம்பம் அகப்படும். கம்பத்தைத் தட்டியோ ஸ்டே கம்பியை ஆட்டியோ பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

விசைத்தறி மோட்டார் தவறாகப் பழி சுமப்பது. அது தூண்டல் மோட்டார், அதில் கார்பன் பிரஷ் இல்லை. ஸ்டார்ட்டர் போடும் நொடியில் ஒரு ‘டக்’, அவ்வளவுதான். மிக்ஸி, கை டிரில் போன்ற பிரஷ் மோட்டார்களும், வேகம் மாற்றும் மின்னணு டிரைவ்களும்தான் உண்மையான இரைச்சல்காரர்கள். தறிக்கூடத்தில் நின்று பேசுபவரின் குரல் கேட்காமல் போவது வேறு காரணத்தால். தறியின் ஓசையே மைக்கில் நுழைந்துவிடுகிறது. மைக்கை வாய்க்கு இரண்டு மூன்று விரல் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடித்துச் சாதாரணக் குரலில் பேசுவதும், கருவியின் மைக் கெயினைக் குறைப்பதும் அங்கே பலன் தரும்.

அனுப்பும் பக்கம்

வண்டியில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘வீங்…’ ஒலி ஆல்டர்னேட்டருடையது. கருவிக்கான மின்சாரத்தை சிகரெட் லைட்டர் குழியிலிருந்து எடுக்காமல், இரண்டு வயரையும் நேரே பேட்டரியிலிருந்து, பேட்டரி ஓரத்திலேயே பியூஸ் வைத்து இழுத்தால் பாதிக்கு மேல் தீரும். வயரின் தடிமன் முக்கியம். 50 வாட் கருவி பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; மெல்லிய வயரில் மின்னழுத்தம் விழுந்து குரல் சிதையும். வீட்டில் பழைய பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் வற்றிப்போனால் குரலுக்கு அடியில் ஹம் ஓடும். அருகில் வைத்த கைபேசி 2ஜியில் இயங்கும்போது ‘டிர்ர்-டிர்ர்’ என்று நுழைவதைப் பலரும் கேட்டிருப்பார்கள்.

பேசப் பேசக் கரகரத்து, சுருள் வயரை அசைத்தால் மாறினால் பிளக்கின் கழுத்தில் ஷீல்டு அறுந்திருக்கிறது. அப்படி இல்லையென்றால் ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடு போட்டுப் பேசி, சற்றுத் தள்ளி இன்னொரு கருவியில் கேட்க வேண்டும். டம்மி லோடில் குரல் சுத்தம், ஆன்டெனாவில் மட்டும் கரகரப்பு என்றால், நம் அலையே திரும்பி மைக் சுற்றுக்குள் புகுகிறது. மைக் வயரிலும் பவர் வயரிலும் ஃபெரைட் வளையம் போடுவது இங்கேதான் பயன்.

காற்றடித்தால் கூடுகிற கரகரப்புக்குக் கோஆக்சியல் கேபிளையும் மேல்முனை கனெக்டரையும் திறந்து பார்க்க வேண்டும். வெளித்தோலை நீக்கினால் பளபளப்பாக இருக்க வேண்டிய செப்புப் பின்னல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், தண்ணீர் இறங்கிவிட்டது. கறுத்த நீளம் முழுவதையும் வெட்டி எறிய வேண்டும், மேலே டேப் சுற்றுவது உதவாது. நல்ல நிலையில் இருந்தாலும் மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டரில், 145 மெகாஹெர்ட்ஸில், சக்தியில் சுமார் முக்கால் பங்கை விழுங்கிவிடும்.

எர்த் பற்றி இந்த மண்ணில் தனியாகச் சொல்ல வேண்டும். சேலம் வட்டாரம் கடும்பாறை நிலம். கம்பி இறக்கினால் சில அடியில் பாறை தட்டும், கோடையில் மேல்மண் காய்ந்து மின்தடை ஏறும். உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றும் எர்த் குழி மின்பாதுகாப்புக்கு அவசியம், ஆனால் வானொலி அலைக்கு நல்ல தரையாகிவிடாது. தாழ்ந்த அலைவரிசைச் செங்குத்து ஆன்டெனாவுக்குத் தரையோடு பல ரேடியல் கம்பிகளை விரிப்பதே ஏற்றது.

சிடிசிஎஸ்எஸ் டோன், அதாவது 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையிலான அடிக்குரல் சங்கேதம், இரைச்சலை நீக்கும் என்ற நம்பிக்கை பரவலானது. அது வேற்றார் பேச்சு நம் ஸ்பீக்கரில் கேட்காமல் செய்கிறது, அவ்வளவே. அலைவரிசையில் மோதல் அப்படியே இருக்கும்.

புகார்

இந்தியாவில் 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் குறைசக்திக் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம். ஹாம் அலைவரிசைகளுக்கு மத்திய அரசின் தேர்வும் உரிமமும் வேண்டும். உரிமம் பெற்ற அலைவரிசையில் இன்னொருவரின் ஒலிபரப்பு குறுக்கிட்டால் தொலைத்தொடர்புத் துறையின் வானொலிக் கண்காணிப்பு அமைப்பிடம் முறையிடலாம்; சென்னையிலும் அதற்கு நிலையம் உண்டு. கம்பத்து இரைச்சல் என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கம்ப எண்ணைக் குறிப்பிட்டு எழுதித் தர வேண்டும். ‘எங்கள் பகுதியில் ரேடியோ கரகரக்கிறது’ என்ற மனுவை வைத்து லைன்மேன் எதையும் தேட முடியாது. தேதி, நேரம், அலைவரிசை, வெயிலா மழையா, எந்தக் கம்பத்தடியில் உச்சம், ஒரு நிமிட ஒலிப்பதிவு ஆகியவை இருந்தால் அவர் அடுத்த பராமரிப்பு மின்நிறுத்தத்தின்போது ஏறி அந்தப் போல்ட்டை முறுக்கிவிடலாம்.