சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை: ஈக்வலைசர் பெட்டியின் கதை



எங்கள் ஆராதனை மண்டபத்தின் பின்வரிசையில் எப்போதும் ஒரே கதிரையில் அமரும் ஓர் அப்பம்மா இருக்கிறார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது என்னிடம், "சத்தம் நல்லாக் கேக்குது பிள்ளை, சொல்லுத்தான் விளங்கேல்லை" என்றார். மிக்சரில் நிற்கும் தம்பியிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவர் ஒலியைக் கூட்டினார். அப்பம்மா காதைப் பொத்தினார். சொல் அப்போதும் விளங்கவில்லை.

தாதியாக வேலை செய்யும் எனக்கு இது புதிதல்ல. வயதாகும்போது காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. உயர்ந்த அதிர்வெண்களே முதலில் போகும். 'அ', 'ஓ' போன்ற உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. 'படி', 'கடி', 'தடி' என்ற மூன்றையும் பிரித்துக் காட்டும் மெய்யொலியின் நுட்பமோ பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அதனால்தான் வார்டில் முதியவர்களிடம் உரக்கக் கத்தினால் பயனில்லை. கத்தும்போது உயிரொலிதான் பெருக்கும். மெய்யொலி அதன் அடியில் அமுங்கிப்போகும்.

தம்பியின் மேசைக்குக் கீழே இருக்கும் டிஜிட்டல் ஈக்வலைசர் பெட்டி இந்தப் பிரச்சினைக்காகவே பிறந்தது. அதன் முகப்பில் உள்ள ஒவ்வொரு குமிழுக்கும் பொத்தானுக்கும் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

ஈக்வலைஸ் என்றால் சமப்படுத்துவது. அந்தச் சொல் இசை உலகில் பிறக்கவில்லை; தொலைபேசிக் கம்பியில் பிறந்தது. நீளமான கம்பி வழியே குரல் போகும்போது, உயர்ந்த அதிர்வெண்கள் அதிகமாகவும் தாழ்ந்தவை குறைவாகவும் தேயும். மறுமுனையில் இருப்பவருக்கு எங்கள் அப்பம்மாவின் நிலைதான்: சத்தம் வரும், சொல் வராது. இதைச் சரிசெய்யப் பொறியாளர்கள் கண்ட வழி எளியது. தேயாமல் வந்த தாழ்ந்த ஒலிகளையும் அதே அளவுக்குக் குறைத்துவிடு. எல்லாம் சமமான பிறகு மொத்தமாகப் பெருக்கு. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்தில் ஓட்டோ சோபெல் இதற்கான சுற்றுகளின் கணக்கை 1928ல் விரிவாக வெளியிட்டார். அந்தப் பெட்டிகளுக்கு முகப்பும் இல்லை, குமிழும் இல்லை. குறிப்பிட்ட கம்பிக்கென்று ஒருமுறை அமைத்தால் அப்படியே கிடக்கும்.

குமிழைக் கேட்டது சினிமா. பேசும் படம் வந்த பிறகு, ஒரே நடிகரின் குரல் ஒரு காட்சியில் கனமாகவும் அடுத்ததில் மெலிந்தும் பதிவானது. காட்சிக்குக் காட்சி கையால் திருத்த வேண்டியிருந்ததால், 1930களில் திருப்பக்கூடிய ஈக்வலைசர்கள் ஸ்டுடியோக்களுக்குள் வந்தன. 1951ல் யூஜின் ஷென்க், ஒல்லி சமர்லின் என்ற இரு பொறியாளர்கள் 'பல்டெக்' ஈக்வலைசரைக் கொண்டுவந்தார்கள். அதில் தாழ்ந்த ஒலிக்கு மட்டும் கூட்ட ஒரு குமிழ், குறைக்க வேறொரு குமிழ். உள்ளே வடிகட்டும் பகுதிக்குக் குறைக்க மட்டுமே தெரியும். அதில் இழந்த பலத்தைக் கடைசியில் ஒரு வால்வு பெருக்கி திருப்பிக் கொடுக்கும்.

வீடுகளுக்கு வந்த மாற்றம் 1952ல் நடந்தது. பீட்டர் பாக்சண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஒரு சுற்றை விளக்கி எழுதினார். பேஸுக்கு ஒரு குமிழ், ட்ரெபிளுக்கு ஒரு குமிழ். இரண்டும் நடுவில் நின்றால் ஒலியில் எந்த மாற்றமும் இல்லை. வலப்பக்கம் திருப்பினால் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். அப்பாவின் பழைய ரேடியோ பெருக்கியில் நீங்கள் திருப்பி விளையாடிய இரு குமிழ்களும் இந்த வம்சம்தான். இன்றும் மிக்சரில் 'பன்னிரண்டு மணிக்கு வை' என்று சொல்கிறோமே, அது நடுநிலையைக் குறிக்கும் பேச்சு.

இரண்டு குமிழ் போதாத இடங்களுக்காக மேலும் கீழும் நகரும் ஸ்லைடர்கள் வந்தன. 1950களில் சினிமா இன்ஜினியரிங் என்ற நிறுவனத்தில் ஆர்ட் டேவிஸ் இவ்வகைப் பெட்டியை உருவாக்கினார். ஸ்லைடர்கள் நிற்கும் இடங்களைக் கண்ணால் இணைத்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். அதனால்தான் அதன் பெயர் கிராஃபிக் ஈக்வலைசர். காது கேட்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையான எல்லையை 31 துண்டுகளாக்கி, துண்டுக்கு ஒரு ஸ்லைடர் வைத்த பெட்டியைப் பல சபைகளில் பார்த்திருப்பீர்கள்.

இதுவரை கம்பியையும் பதிவையும்தான் திருத்தினார்கள். மண்டபத்தையும் திருத்த வேண்டும் என்பதை வழக்கமாக்கியவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் சி. பி. போனர். ஒவ்வொரு மண்டபமும் சில அதிர்வெண்களில் மட்டும் தானாக முழங்கும். மைக் 'கூ' என்று ஊளையிடுவதும் அந்த இடங்களில்தான். 1960களில் போனர் அந்த அதிர்வெண்களைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றையும் மிகக் குறுகலான வடிகட்டியால் குறைத்தார். முழக்கம் அடங்கியதும், கூட்டாமலே பேச்சு தெளிந்தது. 1967ல் ஆல்டெக் நிறுவனம் இந்த முறையைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

ஆனால் 31 ஸ்லைடரும் நிலையான இடங்களில் இருப்பவை. ஊளை இரண்டு ஸ்லைடருக்கு நடுவே வந்தால் என்ன செய்வது? இதற்கு விடை தந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் மாசன்பர்க். 15 வயதிலேயே ஒலிப்பதிவுக் கூடத்தில் பகுதிநேர வேலை செய்தவர். 1972ல், இருபதுகளில் இருக்கும்போதே, ஒலிப் பொறியாளர் சங்கத்தின் மாநாட்டில் 'பாராமெட்ரிக்' ஈக்வலைசரை விளக்கினார். அதில் ஒரு பட்டைக்கு மூன்று குமிழ்கள். எந்த அதிர்வெண், எவ்வளவு கூட்டல் அல்லது குறைத்தல், எவ்வளவு அகலம் என்பவை அந்த மூன்றும். உங்கள் டிஜிட்டல் பெட்டியில் ஃப்ரீக்வென்சி, கெயின், க்யூ என்று எழுதியிருப்பவை இவையே. க்யூ எண் பெரிதானால் வெட்டு குறுகும்.

பிறகு குமிழ்கள் குறையத் தொடங்கின. 1987ல் யமஹாவின் டிஇக்யூ7 போன்ற டிஜிட்டல் ஈக்வலைசர்கள் வந்தன. ஒலி எண்களாக மாறியது. வடிகட்டும் வேலை கணக்கானது. முகப்பில் ஒரு சிறு திரை, சில பொத்தான்கள். அமைப்பை நினைவில் சேமிக்கவும் திரும்ப அழைக்கவும் முடிந்தது. பின்னர் ஒரே பெட்டிக்குள் பல சேனல்கள் வந்தன. மைக், கீபோர்டு, முன் ஸ்பீக்கர், பின் ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஈக்வலைசர். எல்லாவற்றையும் மாற்றுவது அதே ஒரு சக்கரம்.

இங்கேதான் கவனம் வேண்டும். பழைய பெட்டியில் 31 ஸ்லைடரும் கண்முன் நிற்கும். யாராவது மாற்றியிருந்தால் உடனே தெரியும். டிஜிட்டல் முகப்பில், நீங்கள் எந்தச் சேனலில் நிற்கிறீர்கள் என்பதைத் திரையில் பார்க்காமல் சக்கரத்தைச் சுழற்றினால், போதகரின் மைக்கைத் திருத்துவதாக நினைத்து கீபோர்டைக் கெடுத்துவிடலாம். முதலில் சேனல், பிறகு பட்டை, பிறகுதான் சக்கரம். 'பைபாஸ்' பொத்தானையும் மறக்காதீர்கள். அதை அழுத்தினால் உங்கள் திருத்தம் எல்லாம் விலகி, மூல ஒலி கேட்கும். செய்தது உதவியா உபத்திரவமா என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடும்.

எங்கள் மண்டபத்துக் கதை என்ன ஆயிற்று? ஒரு சனிக்கிழமை, பாடகர் பயிற்சிக்குப் பிறகு, நான் மைக்கில் வாசிக்க, தம்பி அப்பம்மாவின் கதிரையில் போய் உட்கார்ந்தார். மேசையருகே தெளிவாக இருந்த குரல் அங்கே குகைக்குள் பேசுவதுபோல் இருந்ததாம். திரும்பி வந்து 250 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சில டெசிபெல் குறைத்தார். 3000 பக்கத்தில் மிகச் சிறிதளவே கூட்டினார். மொத்தச் சத்தத்தையும் முன்பிருந்த அளவுக்கு இறக்கினார். அடுத்த நாள் அப்பம்மா, "இண்டைக்குப் பாதிக்கு மேல விளங்கினது" என்றார்.

மீதிப் பாதி மண்டபத்தில் இல்லை, அவர் காதில் இருந்தது. பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். இப்போது அவர் அணியும் காதுக் கருவியும் ஒரு பல சேனல் டிஜிட்டல் ஈக்வலைசர்தான். முகப்புதான் இல்லை. அவர் காது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு இழந்தது என்று அளந்து, அதற்கேற்ப மருத்துவமனையில் அமைத்துக் கொடுக்கிறார்கள்.

ஆகவே தம்பி, தங்கைகளே, அடுத்த முறை ஒருவர் "விளங்கவில்லை" என்றால் உடனே சத்தத்தைக் கூட்டாதீர்கள். அவர் இருக்கும் கதிரையில் போய் ஒரு நிமிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பிறகு குமிழைத் தொடுங்கள்.