போரும் பெயரும்: கோல சிலாங்கூர் வட்டார வரலாறு

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் நிற்கும் புக்கிட் மெலாவத்தி சிறிய குன்றுதான். ஆயினும் சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்கள் அதன்மீதே அடக்கமாகியுள்ளனர். ஆற்றுமுகத்தை ஆள்பவரே உள்நாட்டிலிருந்து வரும் ஈயத்துக்கு வரி கொள்ள முடிந்தது. ஆதலால் போர்கள் இவ்வூரைத் தேடி வந்தன. 1784இல் டச்சுக்காரர் இக்கோட்டையைக் கைப்பற்றி, தம் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டார். 1867இல் மூண்ட உள்நாட்டுப் போரின் நடுவே, 1871இல் ரினால்டோ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் கோட்டையைத் தாக்கியது. இவற்றுக்குச் சான்றாகக் குன்றின்மேல் பீரங்கிகள் இன்றும் உள்ளன.

இப்பகுதியை மாற்றிய மற்றொரு போருக்கு அத்தகைய சான்றுகள் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. தமிழர் லயங்களில் குடியேறினர். 1942 ஜனவரி தொடக்கத்தில் ஜப்பானியப் படை கடல்வழியாகக் கோல சிலாங்கூர்ப் பகுதிக்கு வந்தது. அம்மாதம் 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது. அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. பின்னர் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு ஆள் திரட்டினர். 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர் என மதிப்பிடுவர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரைக் கொன்றன.

காஞ்சனபுரியிலுள்ள நேச நாட்டுப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர் துயில்கின்றனர். மிகப் பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு. நம்மவர்க்கு அவ்வாறு தனித்தனிக் கல் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்கள் அவ்விடத்தை ஓரளவு நிரப்பின.

மொழியும் சிலவற்றைக் காத்தது. விடியலில் தொழிலாளரை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் 'பெரட்டு' என்பர். படை அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேடு' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. போர் வருமுன்பே படைச்சொல் ஒன்று தோட்டத்துள் புகுந்திருந்தது என்பது கருதத்தக்கது. பெயரேட்டில் எண்ணப்பட்ட உழைப்பாளர் கூட்டத்தை ஆட்சி மாறியதும் புதிய ஆண்டை எளிதில் எடுத்துக்கொண்டான். 'சயாமுக்குப் போனார்' என்ற இரு சொற்களில் ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் அடங்கிவிடுவதுண்டு. 'திரும்பினார்' என்ற சொல் அதனைத் தொடராத வீடுகள் பல.

இன்று ரப்பர் மரங்கள் இருந்த இடங்களில் செம்பனையும் வீட்டுமனைகளும் பரந்துள்ளன. லயங்கள் மறைய, அவற்றில் வழங்கிய சொற்களும் மறைகின்றன. எஞ்சியிருப்பவை தமிழ்ப்பள்ளிகளே. மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் மூன்று வினாக்கள் கேட்கட்டும்: எந்தத் தோட்டம்? யார் போனார்? யார் திரும்பினார்? விடைகளை ஆசிரியர் தேதியிட்டு ஒரே ஏட்டில் தொகுக்கட்டும். அரசர்களின் போரைப் பீரங்கி நினைவூட்டும். உழைத்தவர் பட்ட போரை நாம்தாம் எழுதிவைக்க வேண்டும்.