ஒரே சொல், இரண்டு ஏலம்

மலையடிவாரத்து வணிகம் – 9

தமிழில் ஏலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று மலையில் விளைகிற காய். மற்றது பொருளை நடுவில் வைத்து விலை கூறி விற்பது. இந்த இரண்டாவது சொல் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியது என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள். இரண்டு ஏலமும் ஒரே கூரையின் கீழ் நடக்கிற ஊர் போடிநாயக்கனூர்.

நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்கூடத்துக்குள் நுழைந்ததும் காலடியில் நொறுங்குவது ஏலக்காய்தான். வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வியாபாரி. லாட்டுக்கு ஒரு சிறு பொட்டலம் மாதிரியாக வரும். பிரித்து உள்ளங்கையில் கொட்டி, ஒரு காயை எடுத்து நகத்தால் கிள்ளுவார். விதை கறுத்திருக்கிறதா, பிசுபிசுப்பு இருக்கிறதா, தோலில் பச்சை நிற்கிறதா என்று பார்ப்பார். மூக்கருகே ஒரு நொடி. பார்த்த காய் தரையில் விழும். திரையில் எண் ஏறும், நிற்கும், அடுத்த லாட். ஒரு குடும்பம் ஒரு வருஷம் மருந்தடித்து, தண்ணீர் பாய்ச்சி, கடன் வாங்கி வளர்த்த காய்க்கு விலை முடிய ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் போதும்.

2007-இல் கணினி வருவதற்கு முன்னால் இதே வேலை வாயாலும் கையாலும் நடந்தது. முறை மாறியிருக்கிறது. ஆனால் அன்றும் சரி, இன்றும் சரி, விலை அந்தக் கூடத்துக்குள் பிறப்பதில்லை. எங்கோ எவனோ போட்ட ஒரு உத்தரவு மலையேறி இறங்கி இங்கே வந்து எண்ணாக மாறுகிறது. இந்த வாரம் அந்த உத்தரவுகளின் கதை.

பெரிய காய்க்குச் சந்தையில் இன்றும் வழங்குகிற தரப் பெயர் ‘ஆலப்பி பச்சை’. ஆலப்புழையில் கடலும் காயலும் தென்னையும் உண்டு, ஏலச்செடி முளைக்காது. பிறகு ஏன் அந்தப் பெயர்? ஏலமலை திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அங்கே ஏலக்காய் சர்க்காரின் ஏகபோகம். விளைந்த காயை எல்லாம் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும். சர்க்கார் அதை ஆலப்புழைக் கிடங்குக்குக் கொண்டுபோய்க் கப்பல்காரர்களுக்கு விற்கும். காடு திருத்தி, செடி வைத்து, அட்டைக்கடியும் காய்ச்சலும் பட்டவர்களில் பெரும்பாலோர் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஆட்கள். அவர்கள் கைக்கு வந்தது சர்க்கார் தீர்மானித்த பங்கு.

மலை உச்சியில் நின்று கிழக்கே பார்த்தால் அவர்களுடைய சொந்த ஊர் தெரியும். அது வெள்ளைக்காரச் சீமை, மதுரை ஜில்லா. போடிமெட்டு, தேவாரம் மெட்டு, கம்பம்மெட்டு என்று கழுதை இறங்குகிற பாதைகள் உண்டு. கீழே சந்தை விலை, மேலே சர்க்கார் விலை. இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு நடைதான் தூரம் என்றால் மனிதன் என்ன செய்வான் என்பதைப் பொருளாதாரம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நூற்றாண்டின் கடைசியில் ஏகபோகம் போய் நிலவரி வந்தது. ஆலப்புழையின் பெயர் மட்டும் காயில் ஒட்டிக்கொண்டது.

ஏகபோகம் போனால் வழி வேண்டும். மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் ரயில் வந்தது. ஏலக்காயும் காப்பியும் இலவம் பஞ்சும் அதில் ஏறின. 1942-இல், உலகப்போர் உச்சத்தில், அந்தத் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள். போருக்கு இரும்பு வேண்டியிருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ரயில் இல்லை. ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள். 2010 கடைசியில் அகலப் பாதைக்காக மறுபடி நிறுத்தினார்கள். 2023 ஜூனில்தான் போடி மறுபடி விசில் சத்தம் கேட்டது. இந்த ஒரு பாதையின் வரலாற்றைத் தனியாக எழுதலாம். இப்போது வேண்டாம்.

ரயிலுக்கு அடுத்து எல்லைக்கோடு. 1956 நவம்பர் 1 முக்கியம். மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. தமிழர் எவ்வளவோ போராடியும் நடந்தது அதுதான். அன்றிலிருந்து தோட்டம் ஒரு மாநிலத்தில், தோட்டக்காரர் வீடு இன்னொரு மாநிலத்தில். காயெடுக்கப் போகிற பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக் கிளம்பி எல்லை தாண்டுகிறார்கள், இருட்டும்போது திரும்புகிறார்கள். ‘மலைக்குப் போறோம்’ என்பார்களே தவிர, ‘கேரளாவுக்கு’ என்று சொல்கிறவர்கள் குறைவு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சண்டை முற்றியபோதும், 2020-இல் கொரோனா ஊரடங்கிலும் அந்த ஜீப்புகள் நின்றன. சரத்தில் காய் பழுத்து உதிர்ந்தது. உள்நாட்டிலேயே ஒரு கோடு இவ்வளவு செய்யும் என்றால் கடல்களுக்கு அப்பால் போடுகிற கோடு என்ன செய்யாது?

அந்தக் கோட்டுக்கு வருவோம். 1914-இல் குவாத்தமாலா நாட்டின் ஆல்ட்டா வெரபாஸ் மலைப்பகுதிக்கு ஒரு செடி போய்ச் சேர்ந்தது. கொண்டுபோனவர் ஆஸ்கர் மாயுஸ் கிளோஃபர் என்ற ஜெர்மன் காப்பித் தோட்டக்காரர். அந்த மலையில் அப்போது ஜெர்மானியர்தான் பெரும் தோட்டமுதலாளிகள். மழையும் மூடுபனியும் நிழலும் நம் மலை போலவே. செடி பிடித்துக்கொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வண்டும் பூச்சியும் நோயும் ஏலச்செடியோடு கூடவே பிறந்தவை. அங்கே செடி மட்டும் தனியாகப் போய் இறங்கியது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் முதலாளிகள் வெளியேற்றப்பட்டார்கள், தோட்டங்கள் பறிபோயின. செடி நின்றது. பின்னால் அது கெக்சி என்ற மாயா பழங்குடிச் சிறு விவசாயிகளின் கைக்கு வந்தது.

அந்த மக்கள் ஏலக்காய் சாப்பிடுவதில்லை. பாயசம் இல்லை, பிரியாணி இல்லை, ஏலக்காய் டீ இல்லை. விளைவது அத்தனையும் கப்பலுக்கு. நம்மூரில் காய் விலை ஏறினால் கல்யாண வீட்டுக்காரர் முணுமுணுப்பார், இறங்கினால் தோட்டக்காரர் அழுவார். அங்கே முணுமுணுக்க ஆளில்லை. என் கணக்கில், குவாத்தமாலாவின் பலம் அதன் மண்ணைவிட இந்த அலட்சியத்தில்தான் இருக்கிறது.

1973-இல் எண்ணெய் விலை பல மடங்கானது. வளைகுடாவில் பணம் கொட்டியது. அரபு நாட்டில் வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்கும் கஹ்வாவில் காப்பிக்கொட்டைக்குச் சமமான மரியாதை ஏலக்காய்க்கு உண்டு. காய் மணக்காத கஹ்வா உபசாரமே இல்லை. அதுவரை அந்தச் சந்தை நம்முடையது. தேவை ஏறியது, விலை ஏறியது, குவாத்தமாலா மலைகளில் காப்பியை ஒதுக்கிவிட்டு ஏலம் நட்டார்கள். 1982-83-இல் நம் மலையில் கடும் வறட்சி; செடிகள் கிழங்கோடு கருகின. நாம் சரக்கு கொடுக்க முடியாமல் நின்ற இடத்தில் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அதற்கடுத்து நடந்தது செடியைப் பற்றியதல்ல, நாணயத்தைப் பற்றியது. குவாத்தமாலாவின் கெட்சால் அறுபது வருஷமாக ஒரு டாலருக்கு ஒன்று என்று கட்டிப்போடப்பட்டிருந்தது. எண்பதுகளின் நடுவில் அந்தக் கட்டு அறுந்து, நாணயம் சரிந்தது. டாலர் கணக்கில் அவர்கள் காய் திடீரென்று மலிவாகிவிட்டது. இந்தியா 1985-86-இல் மூவாயிரம் டன்னுக்கு மேல் ஏலக்காய் ஏற்றுமதி செய்த நாடு. அடுத்த சில வருஷத்துக்குள் அது சில நூறு டன்னாகச் சுருங்கியது. போடிக் கிடங்குகளில் ஜித்தாவுக்கும் குவைத்துக்கும் தரம் பிரித்துக் கட்டிய பெட்டிகள் தேங்கின. தூரத்து நாட்டு மத்திய வங்கி ஒரு முடிவெடுக்கிறது. அந்த நாடு பூகோளத்தில் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத தேவாரத்துத் தோட்டக்காரருக்கு ஏலக்கூடத்தில் விலை கேட்க ஆள் இல்லை. உலக வர்த்தகம் என்ற பெரிய வார்த்தையை நம்மூர் முதன்முதலில் கண்ணால் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

காப்பாற்றியது உள்நாட்டு வாய். வட இந்தியக் கல்யாணம், இனிப்புக்கடை, பான் மசாலா கம்பெனி எல்லாம் சேர்ந்து காயை இழுத்துக்கொண்டன. கூடவே விளைச்சலும் ஏறியது. கட்டப்பனைப் பக்கத்தில் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தன் தோட்டத்திலிருந்து தேர்ந்தெடுத்த ‘ஞள்ளாணி’ செடி மலை முழுக்கப் பரவியது. பல்கலைக்கழகம் எதுவும் பெற்ற பிள்ளையல்ல அது. ஒரு விவசாயியின் கண் பார்த்துப் பொறுக்கியது. நாலாயிரம் டன் அளவில் கிடந்த நாட்டு விளைச்சல் இன்று இருபதாயிரம் டன்னைத் தாண்டி நிற்பதற்கு அந்தச் செடி முக்கியக் காரணம். அது நிறையத் தின்னும், நிறையக் குடிக்கும், பூச்சியும் நிறைய வரும். மருந்தடிப்பு அதிகமானதும் அதோடுதான்.

இதற்கிடையில் உலக வர்த்தக நிறுவனம் வந்துவிட்டது. அமெரிக்கா தொடுத்த வழக்கில் தோற்று, இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளின் கடைசித் தவணையை இந்தியா 2001 ஏப்ரல் 1-இல் எடுத்தது. மீதி இருந்த ஆயுதம் சுங்கவரி. ஏலக்காய்க்கு 70 சதவீதம். ஒப்பந்தப்படி 100 வரை ஏற்றிக்கொள்ளவும் இடமுண்டு. இந்தச் சுவரைத் தோட்டக்காரர்கள் சாமி மாதிரி கும்பிடுகிறார்கள். அதில் தப்பில்லை, சுவர் இல்லாவிட்டால் எண்பதுகளில் ஜித்தாவில் நடந்தது டெல்லி காரி பாவ்லி சந்தையிலும் நடந்திருக்கும்.

ஆனால் சுவருக்கு இன்னொரு முகம் உண்டு. உள்ளே விலை உயரமாக நிற்பதால் அந்த விலைக்கு வெளியே விற்க முடியாது. வெளியே மலிவு, உள்ளே ஏற்றம் என்றால் பழைய கழுதைப்பாதைக் கதைதான். குவாத்தமாலா காய் நேபாளம் போய், அங்கிருந்து எல்லை வழியாகக் கசிகிறது என்ற புகார் போடியில் பல வருஷமாக உண்டு. மிளகில் இது இன்னும் பச்சையாக நடந்தது. இந்திய–இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இலங்கை மிளகுக்குச் சலுகை. வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு வந்து இறங்குகிறது என்று விவசாயிகள் கூப்பாடு போட்டார்கள். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்து மிளகு இறக்குமதி செய்யக்கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட வேண்டி வந்தது. மிளகு பேசாது, எந்த நாட்டில் பிறந்தது என்று அதைக் கேட்க முடியாது.

சுங்கவரி ஏறி இறங்கினால் செய்தி வரும். பூச்சிமருந்து எச்சத்துக்கு வைக்கிற அளவு சத்தமில்லாமல் மாறும். சவூதி அரேபியா அந்த அளவை இறுக்கியபோது நம் காய் துறைமுகத்திலேயே மறுக்கப்பட்டது. அது அவர்கள் நாட்டுச் சதி என்று இங்கே சிலர் பேசினார்கள். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் போட்ட ஏலக்காயில் மருந்து எச்சம் அளவுக்கு மீறி இருந்ததாகக் கேரள உயர் நீதிமன்றம் ஆறரை லட்சம் டின்னுக்கு மேல் விற்பனையை நிறுத்தியது. பின்னால் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது வேறு விஷயம். ஐயப்பன் சந்நிதியிலேயே கேள்வி வந்த பிறகு சவூதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: காயைப் பரிசோதிக்கிற செலவும் மறுத்தால் வருகிற நஷ்டமும் கடைசியில் இறங்குவது ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்காரர் தலையில்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி மலை சரிந்தது. மறுவருஷம் காய் இல்லை. 2019 ஆகஸ்ட் ஏலத்தில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. பத்திரிகைகள் எல்லாம் போட்டோ போட்டன. அந்த விலைக்கு விற்கக் காய் வைத்திருந்தவர் எத்தனை பேர் என்று அந்த போட்டோவில் தெரியாது. ஐந்தாறு கிலோ பச்சைக்காயை உலர்கூடத்தில் உலர்த்தினால் ஒரு கிலோ கிடைக்கும். செடியே போனவரிடம் பச்சைக்காய்க்கு எங்கே போவது? ஆசையில் அடுத்த வருஷம் புதிதாக நட்டார்கள், விலை இறங்கியது. ஏலத்தில் எடுத்த காயையே வியாபாரிகள் மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவந்து வரத்தைக் கூட்டிக்காட்டுகிறார்கள் என்று விவசாயிகள் சொல்லும் குற்றச்சாட்டும் அப்போது பலத்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ரீபூலிங்’.

பிறகு சக்கரம் திரும்பியது. 2024-இல் குவாத்தமாலாவில் மழை பொய்த்து, இலைப்பேனும் தாக்கி விளைச்சல் பலமாக அடிவாங்கியது. வளைகுடாக்காரர்கள் மறுபடி நம் பக்கம் பார்த்தார்கள். கூடவே பிறந்த பூச்சிகளை விட்டுவிட்டுப் போன செடியைப் பூச்சி நூறு வருஷம் கழித்துத் தேடிப்பிடித்திருக்கிறது. போடி வியாபாரிகள் காலையில் செல்போனில் பார்க்கிற வானிலையில் இடுக்கியோடு ஆல்ட்டா வெரபாஸும் சேர்ந்துவிட்டது. அங்கே மழை என்றால் இங்கே முகம் சுண்டுகிறது.

சாயங்காலம் போடிமெட்டிலிருந்து ஜீப்புகள் இறங்குகின்றன. பின்பக்கம் தொங்கிக்கொண்டு வருகிற பெண்களின் விரல் நுனியில் காய்ச்சாறு கறுத்திருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. அன்று ஏலத்தில் விலை என்ன என்று அவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது நாள் கூலி. ஏழாயிரத்துக்குப் போன வருஷத்திலும் எழுநூறுக்கு இறங்கிய வருஷத்திலும் அந்த ஜீப்பில் உட்கார இடம் ஒரே அளவுதான்.

(தொடரும்)