வில்லும் சொல்லும்: லால்குடி ஜெயராமனின் இசைப்பணி

ஊர்ப்பெயரைத் தம் பெயரின் முன் தாங்கிய இசைவாணர் தமிழகத்திற் பலராவர். ஜாவளிகள் இயற்றிய தருமபுரி சுப்பராயரால் நம் மாவட்டத் தலைநகரின் பெயர் இசை வரலாற்றில் நிலைபெற்றது. அவ்வாறே, திருத்தவத்துறை என்னும் பழம்பெயருடைய லால்குடியை உலகறியச் செய்தவர் வயலின் மேதை ஜெயராமன் (1930-2013). அவர்தம் இசைப்பணி தமிழிலக்கிய மாணவரும் ஆராய்தற்குரியது என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வயலின் மேலைநாட்டுக் கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்றுக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு, 1834-இல் சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியைக் காலின்மேல் ஊன்றி வாசிக்கும் முறை நம் நாட்டில் வழக்காயிற்று. இதனால் இடக்கை, கருவியைத் தாங்கும் வேலையினின்று விடுபட்டுக் கமகங்களுக்கு இசைய இயங்கிற்று. ஆயினும், நெடுங்காலம் அது பெரும்பாலும் பாடகர்க்குப் பக்க இசையாகவே நின்றது.

தியாகராசரின் மாணாக்கர் மரபில் வந்த குடியிற் பிறந்த ஜெயராமன், தம் தந்தையார் கோபால ஐயரிடம் பயின்று, 12-ஆம் அகவையிலேயே பக்க இசைக் கலைஞராக மேடையேறினார். அரியக்குடி இராமானுச ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர், மதுரை மணி ஐயர், ஜி. என். பாலசுப்பிரமணியம் ஆகியோர் வேறுவேறு பாணியினர். அனைவர்க்கும் அவர் வாசித்தார். பாடுவோரின் கற்பனை செல்லும் வழியை அப்பொழுதே உணர்ந்து விடையிறுத்தல் எளிதன்று.

அவர் பாணியின் தனிச்சிறப்பு, வாய்ப்பாட்டின் இயல்பைக் கருவியில் அமைத்ததாகும். சொல் முடியுமிடம் அறியாது வில்லைத் திருப்பினால் சுரம் பிழைபடாது; சொல் சிதையும். ஆதலின், பாடலின் பொருளறிவும் வயலின் கலைஞர்க்கு இன்றியமையாததாகின்றது. ஒலி மட்டுமே உடைய கருவிக்கும் இலக்கியப் பயிற்சி வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

1965-இல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட யெகுதி மெனுகின், தம் இத்தாலிய வயலினை அவர்க்கு அளித்தார். 1966-இல் புல்லாங்குழல் கலைஞர் ந. ரமணி, வீணைக் கலைஞர் ரா. வெங்கடராமன் ஆகியோருடன் இணைந்து, வயலின், வேணு, வீணைக் கூட்டிசையை நிகழ்த்தினார். 1972-இல் பத்மசிரீ, 2001-இல் பத்மபூசண் விருதுகள் அவரை அடைந்தன.

அவர் இயற்றிய தில்லானாக்களும் வருணங்களும் இன்று இசையரங்கிலும் ஆடலரங்கிலும் வழங்குகின்றன. சாருகேசி இராகத்து 'இன்னும் என் மனம்', சண்முகப்பிரியா இராகத்து 'தேவர் முனிவர்' ஆகியன தமிழில் அமைந்த பதவருணங்கள். இவற்றை ஆடுவோரும் பாடுவோரும் பலர். இலக்கியமாக நோக்குவோர் மிகச் சிலர். கீர்த்தனைகளையும் குறவஞ்சிகளையும் ஏற்றுக்கொண்ட நம் இலக்கிய வரலாறு, இருபதாம் நூற்றாண்டின் வருணங்களைப் புறத்தே நிறுத்துதல் முறையன்று. இசையறிவும் யாப்பறிவும் உடைய மாணவர் இத்துறையிற் புகுதல் வேண்டும். புகின், ஏட்டிலன்றி அரங்கில் வளர்ந்த தமிழின் ஒரு பகுதி புலப்படும்.