ஸ்பிரே கன் கழுவ எந்தத் தின்னர்?

விடத்தல்தீவில் பைபர் படகுக்கும் எஞ்சின் மூடிக்கும் பெயின்ற் அடித்து முடிந்ததும், ஸ்பிரே கன்னைக் கழுவக் கையில் கிடைத்ததை எடுப்பதையே நான் பார்த்திருக்கிறேன். தின்னர் இல்லையென்றால் பெற்றோல். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் இருப்பதை வைத்துச் சமாளித்தவர்கள் நாங்கள். ஆனால் இந்த வேலைக்கு அந்தப் பழக்கம் ஆகாது.

பெற்றோலை முதலில் விட்டுவிடுங்கள். அதில் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் இருக்கிறது. அதன் ஆவி நிலத்தோடு தவழ்ந்துபோய் எட்டத்து அடுப்பிலும் பற்றும். லாக்கர் தின்னரில் பொதுவாக ரொலுவீன் உண்டு. அது தலைச்சுற்றலோடு நிற்காது. நாட்பட்டால் நரம்புகளைத் தாக்கும், வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் பாதிக்கும். வீட்டு முற்றத்திலேயே வேலை நடக்கும்போது அடிப்பவர் மட்டும் அதைச் சுவாசிப்பதில்லை.

எதைத் தெரிவது என்பது பெயின்ற்றைப் பொறுத்தது. தண்ணீரில் கலக்கும் பெயின்ற் என்றால், காயமுன் சவர்க்காரத் தண்ணீரே போதும். சாதாரண எனாமலுக்கு வைற் ஸ்பிரிற் போதும், மெல்லத்தான் ஆவியாகும். மண்ணெண்ணெயும் கழுவும், ஆனால் எண்ணெய்ப் படலம் விட்டு அடுத்த பெயின்ற்றில் குழி விழுத்தும். எப்பொக்சிக்கு அதன் பேணியில் எழுதியிருக்கும் தின்னர்தான், அதுவும் இறுகமுன்.

ரெசினுக்கும் ஜெல்கோற்றுக்கும் அசற்றோன். நஞ்சு என்று பார்த்தால் இது ரொலுவீனைவிட நல்லது: வேலையிடக் காற்றில் அமெரிக்கச் சட்டம் ரொலுவீனுக்குப் பத்து இலட்சத்தில் 200 பங்கையும் அசற்றோனுக்கு 1000 பங்கையும் அனுமதிக்கிறது. ஆனால் மைனஸ் 20 பாகை செல்சியசிலேயே அதன் ஆவி பற்றக்கூடியது. கொம்பிரசர் ஓடும் மூடிய கொட்டிலில் நான் அதைத் திறக்கமாட்டேன். காற்றோட்டமான மரநிழலில் என்றால் சரி.

பெயின்ற் உரிக்க விற்கும் மெதிலீன் குளோரைட் எளிதில் தீப்பற்றாது என்பதால் பாதுகாப்பானதாகத் தோன்றும். உடலுக்குள் அது காபன் மொனொக்சைட்டாக மாறும். அமெரிக்கா 2024இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்தது. அலுமினிய கன்னுக்குள் அழுத்தத்தோடு செலுத்தினால் வெடிக்கவும் கூடும்.

எதை எடுத்தாலும் கன்னால் விசிறிக் கழுவவேண்டாம். பாதி காற்றில்தான் போகும். அழுத்தத்தை இறக்கி, கழற்றி, சின்னப் பேணியில் ஊறவைத்துத் தூரிகையால் தேயுங்கள். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ளதே வேண்டும். எனாமல் துடைத்த துணியைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றும். தண்ணீரில் அமிழ்த்தி மூடிவையுங்கள்.

பாவித்த தின்னரை மூடிய கலனில் அடையவிட்டால் மேலே தெளிவது அடுத்த முதற் கழுவலுக்கு உதவும், காசும் மிச்சம். அடியில் தங்கும் கசடைக் கண்டல் பக்கம் ஊற்றாதீர்கள். 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கரையில்தான் நாங்கள் பிடிக்கும் இறாலும் நண்டும் குஞ்சாக வளர்கின்றன.