பற்றேடும் படியும்

தென்பாண்டிக் கடற்கரை ஊர்களின் பழைய மளிகைக் கடைகளைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் மணத்தில் தொடங்குவர். மிளகும் மல்லியும் புளியும் கருப்பட்டியும் கலந்த அம்மணத்தை நாமும் மறந்தோமில்லை. ஆயினும் மணம் வரலாறாகாது. உத்தரத்திலிருந்து தொங்கிய தராசும், அரிசி மூட்டையின்மேல் கவிழ்ந்து கிடந்த படியும், கல்லாப்பெட்டியருகே நூல் கோத்துக் கிடந்த பற்றேடுமே வரலாற்றுக்கு உரியவை. மணத்தைப் பாடுவோர் இவற்றைக் கவனியாது போவது எமக்கு வியப்பாகவே இருக்கிறது.

காயல்பட்டினத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் மனத்திற்கொண்டே இதனை எழுதுகின்றோம். இவ்வூர்களின் ஆடவர் பலர் கொழும்பிலும் சென்னையிலும் கடலுக்கு அப்பாலும் வணிகம் செய்தனர். வீட்டை நடத்தியவர்கள் பெண்கள். அவர்கள் கடைவீதிக்கு வருவது அரிது; சீட்டெழுதிச் சிறுவரை அனுப்புவர். முப்பது ஆண்டுகள் ஒரே கடையில் சாமான் வாங்கிய வீட்டுத் தலைவியின் முகத்தைக் கடைக்காரர் ஒருமுறையேனும் கண்டிருக்கமாட்டார். கையெழுத்தை மட்டும் நன்கறிவார். முதியோர் சிலர் அரபுத்தமிழில் சீட்டெழுதுவர். காக்கா கடையில் அதனைக் கடைக்காரரே படித்துக்கொள்வார். அண்ணாச்சி கடையிலோ கொண்டுபோன சிறுவன் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். எமது அரபுத்தமிழ்ப் படிப்பில் ஒரு பகுதி மதரஸாவிலும் ஒரு பகுதி அண்ணாச்சி கடை வாசலிலும் நிகழ்ந்ததென்றால் அது மிகையன்று.

சீட்டில் கண்ட அளவுகளோ ஒரு கலவை. நாம் பிறப்பதற்கு முன்பே சட்டம் பழைய அளவுகளை நீக்கிவிட்டது. ஆயினும் எம் உம்மா எழுதிய சீட்டில் மல்லி அரை வீசையாகவும், பூண்டு பத்துப் பலமாகவும், சீனி மட்டும் ஒரு கிலோவாகவும் இருக்கும். பழைய கணக்கை இன்றைய இளைஞருக்காகச் சொல்லிவைப்போம். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி அல்லது படி. நிறுத்தலில், மூன்று தோலா ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. வீசை இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். படிக்கு அப்படி ஓர் உறுதியான கணக்குக் கூறுதல் அரிது. சின்னப்படி, பெரியபடி என ஊருக்கு ஊர் அது மாறியது. அதனைத் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது வேறொரு வழக்கு.

1957 ஏப்ரல் முதல் நாளில் நாணயம் மாறிற்று. ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி என்றிருந்தது போய், 100 நயா பைசா வந்தது. ஓரணாவின் உண்மை மதிப்பு ஆறேகால் பைசா. காலை எங்கே தேடுவது? ஆகவே ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று அரசாங்கம் அட்டவணை போட்டது. இதன்படி ஓரணாச் சாமானை நான்குமுறை தனித்தனியே வாங்கினால் 24 பைசா. ஒருசேர வாங்கினால் 25. மூத்தோர் இந்த ஒரு பைசாவைச் சொல்லிச் சிரிப்பதை நாம் கேட்டதுண்டு. நிறுத்தலளவைச் சட்டம் 1956இல் இயற்றப்பெற்று, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது; 1962க்குள் கிலோவும் லிட்டரும் கட்டாயமாயின. 'நயா' என்னும் அடைமொழி 1964இல் நீங்கியது. 'நாலணா' என்ற சொல்லோ 25 காசு நாணயம் 2011 ஜூன் இறுதியில் செல்லாததாகும் வரையில் கடைவீதியில் உலவிற்று.

பழைய கடைகளில் எல்லாம் நேர்மையே ஆட்சி செய்தது என்று கூறுவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. அளவில் மோசம் அன்றும் இருந்தது. அடித்தட்டு உள்ளே மேடிட்ட படியும் இருந்தது. மோசம் இல்லாத காலம் ஒன்று இருந்திருப்பின், திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் குறைப்போரின் பெயரையே தலைப்பாகக் கொண்டு இறங்கியிராது. 'முதஃப்பிஃபீன்' என்னும் அச்சொல், அற்பம் என்று பொருள்படும் 'தஃபீஃப்' என்பதோடு ஒரே வேரினது. குறைப்பவன் ஒரு முறையில் திருடுவது அற்ப அளவே என்பதால் இப்பெயர் வந்ததென்று அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். கடைத்தெருவின் இயல்பை அறிந்தவர்களுக்கு இவ்விளக்கத்தின் அருமை புரியும். மூட்டையைத் திருடுபவனை ஊர் பிடித்துவிடும். செவிடளவு திருடுபவனை யார் பிடிப்பது?

அதற்கென்றே முஸ்லிம் நாடுகளின் சந்தைகளில் 'முஹ்தஸிப்' என்னும் கண்காணிப்பாளர் இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்து ஷைஸரீ என்பார் அவருக்கென ஒரு கைந்நூலே எழுதினார். எடைக்கற்கள் இரும்பாலானவையாக இருத்தல் வேண்டும்; இரும்பு கிடையாவிடில் கல்லைத் தோலால் பொதிந்து சரிபார்த்து முத்திரையிட வேண்டும், ஏனெனில் கல் மோதி மோதித் தேயும்; நிறுப்பவன் கட்டைவிரலால் தட்டின் விளிம்பை அசைத்தலாகாது என்றெல்லாம் அந்நூல் விதிக்கின்றது. மதரஸாவில் இதனை நாம் முதன்முதல் அறிந்தபோது, எம் ஊர்க் கடை ஒன்றின் கட்டைவிரலே கண்முன் நின்றது. எந்தக் கடை என்பது இங்கு வேண்டுவதில்லை.

இதற்கு மறுதலையாகக் 'கொசுறு' என்றொன்று இருந்தது. நிறுத்தபின் ஒரு கை கூடுதலாகப் போடுவது, சிறுவன் கையில் ஒரு கடலை உருண்டை வைப்பது. ஹஜரிலிருந்து துணி கொண்டுவந்த ஸுவைத் இப்னு கைஸ் என்பாரிடம் நபி பெருமானார் (ஸல்) ஆடை வாங்கியபோது, விலைப்பொருளை நிறுத்துக் கொடுப்பவரிடம் தட்டுத் தாழும்படி நிறுக்குமாறு கூறியதாக ஹதீஸ் நூல்களில் வந்துள்ளது. அங்கே கூட்டிக் கொடுத்தவர் வாங்கியவர். எம் ஊரில் கூட்டிக் கொடுத்தவர் விற்றவர். இவ்வேறுபாட்டைக் கடைக்காரர்கள் அறியாதிருந்தது சிறுவர்க்கு நல்லதாயிற்று!

இனிப் பற்றேட்டிற்கு வருவோம். நீண்டு ஒடுங்கிய அந்த ஏட்டின் மொழியில் பாதி அரபும் பார்ஸியும் என்பதை எழுதியவர்களே அறியார். 'பாக்கி' எஞ்சியது என்னும் அரபுச் சொல். 'வசூல்' வந்து சேர்தல். 'அசல்' வேர். 'ரத்து' திருப்புதல். 'தினுசு' என்பது ஜின்ஸ். 'வகையறா' என்பதும் அரபே. 'தகராறு' அரபியில் திரும்பத் திரும்பச் சொல்லுதலே. பாக்கியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் விளைவது எதுவோ அதுவே நம் தகராறு. தராசும் ரசீதும் பார்ஸி. அரபியே கல்லாத அண்ணாச்சி, தீர்ந்த கணக்கின் குறுக்கே கோடிட்டுப் 'பைசல்' என்றெழுதுவார். 'பற்று' மட்டும் தூய தமிழ். கடனுக்கும் அன்புக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி இது.

அந்தப் பற்றுக்கு வட்டியில்லை. கொழும்பிலிருந்து பணம் வரும் மாதமும் உண்டு. வராத மாதமும் உண்டு. வராத மாதங்களில் அடுப்பெரிந்தது பற்றேட்டினாலேயே. கடனுக்கு வாங்குவோர் விலை பேச இயலாது, தரம் குறைந்தாலும் வேறு கடைக்குப் போக இயலாது என்பதையும் மறைப்பதற்கில்லை. வட்டி வேறு உருவில் அங்கே ஒளிந்திருந்ததென்று வாதிடுவோர் உளர்; சில கடைகளைப் பொறுத்து அவ்வாதம் சரியே.

முஸ்லிம் ஒருவர் இறந்தால் ஜனாஸாத் தொழுகைக்கு முன், அன்னாருடன் கொடுக்கல் வாங்கல் உடையோர் தம்மை அணுகலாம் என்று வாரிசு அறிவிப்பது வழக்கம். எம் பாட்டனார் மறைந்த நாளில் அண்ணாச்சி பள்ளிவாசல் வெளித்திண்ணையருகே நின்றிருந்தார். எம் வாப்பா அவரிடம் சென்று கேட்டபோது, "இன்னைக்குப் போய்க் கணக்கா? பொறவு பாத்துக்கிடலாம், காக்கா" என்றார். அடுத்த வாரம் வாப்பா எம்மையும் உடனழைத்துச் சென்றார்கள். ஏடு விரிந்தது, பாக்கி 17 ரூபாய் 40 காசு. அண்ணாச்சி 17 ரூபாயை வாங்கிக் கல்லாவில் இட்டார். 40 காசைத் தொடவில்லை. குறுக்கே இரண்டு கோடிழுத்தார். மாமூலாக ஒரு கோடே இழுப்பார்.

1977இல் பொட்டலப் பொருள்களுக்கான விதிகள் வந்தன. எடையும் விலையும் உறையின்மேல் அச்சாயின. கண்ணெதிரே நிறுப்பது சிறிது சிறிதாக நின்றது. அச்சிட்ட எடையில் ஏமாற்று குறைவு என்பதை ஒப்புவோம். கட்டைவிரலுக்கு அங்கே இடமில்லை. ஆனால் அச்சிட்ட உறை 17 ரூபாய் 40 காசை நினைவில் வைப்பதில்லை.

படி கடையிலிருந்து போயிற்று, மார்க்கத்திலிருந்து போகவில்லை. நோன்புப் பெருநாள் ஃபித்ரா ஒரு 'ஸாஉ' தானியம். ஸாஉ என்பது நான்கு முத்து. கடல் முத்தன்று, இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. இது முகத்தலளவை, நிறுத்தலளவை அன்று. அரிசிக்கு அரிசி கனம் மாறுவதால், கிலோவில் சொல்லும்போது ஆலிம்களிடையே சில நூறு கிராம் வேறுபாடு இன்றும் உண்டு. இமாம் அபூயூஸுஃப் (ஹிஜ்ரி 182இல் மறைந்தவர்) மதீனா சென்று ஸாவின் அளவைப் பற்றி வினவியபோது, மறுநாள் முஹாஜிர்கள், அன்ஸாரிகளின் வழித்தோன்றல்களான முதியோர் ஏறத்தாழ ஐம்பதின்மர், தத்தம் வீட்டு ஸாவை மேலாடைக்குள் வைத்துக் கொண்டுவந்தனர் என்றும், இது தந்தையின் வழியாக, இது தாயின் வழியாக வந்தது என்று ஒவ்வொருவரும் கூறினர் என்றும், அளந்து பார்த்தபின் அவர் தம் ஆசிரியர் அபூஹனீஃபாவின் எட்டு ராத்தலை விட்டு, ஐந்தும் மூன்றிலொரு பங்குமான மதீனாக் கணக்கை ஏற்றார் என்றும் அறிவிக்கப்படுகிறது. நூல்களால் தீராத வழக்கைச் சமையலறைப் பாத்திரங்கள் தீர்த்துவைத்தன.

இப்பாடத்தை நடத்தும் நாள்தோறும் எம் வீட்டுப் பித்தளை உழக்கை வகுப்புக்குக் கொண்டுசெல்கின்றோம். விளிம்பில் ஓரிடம் நெளிந்திருக்கிறது. எம் உம்மாவின் தாயார் காலத்தது. மாணவர்கள் அரிசியை நிரப்பித் தலைதட்டி, மின்தராசில் கொட்டி, எண்ணைக் குறித்துக்கொள்கின்றனர். சென்ற ரமழானில் பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் எண் வேறாக வந்தது. எதனைக் கரும்பலகையில் எழுதுவது என்று வகுப்பில் நெடுநேரம் வாதம் நடந்தது.